அரைமண்டியும் லேசர் அக்குபஞ்சரும்: ஒரு முட்டி வலிக் கணக்கு

ஊசிக்குப் பதில் ஒளியைப் பாய்ச்சும் லேசர் அக்குபஞ்சரைப் பற்றி என்னிடம் விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, "வலிக்குமா?" என்றுதான். வலிக்காது. துளிக்கூட வலிக்காது. அடுத்த கேள்வி, "உனக்குச் சரியாகிவிட்டதா?" அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லப் பார்த்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசிவிடுகிறேன். எழுதிவைத்துவிட்டால் எனக்கும் நல்லது, கேட்பவர்களுக்கும் நல்லது.

எனக்கு 27 வயது. பகலில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேசில் கணக்கு வேலை. சிறு வயதிலிருந்தே பரதநாட்டியம். வாரநாள் மாலைகளில் சமூக மன்ற அறையில் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் டீச்சருக்குத் துணையாக, சின்னப் பிள்ளைகளுக்கு அடவு, அதாவது நடனத்தின் அடிப்படை அசைவுகள், சொல்லிக்கொடுப்பேன். ஒரு நிகழ்ச்சிக்காக ஒத்திகை கூடிப்போன சமயத்தில் வலது முட்டியில் வலி ஆரம்பித்தது. விழவில்லை, அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. முட்டிச் சில்லைச் சுற்றி, இன்ன இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு மந்தமான வலி. சமதரையில் நடந்தால் ஒன்றும் தெரியாது. படி இறங்கினால் தெரியும். இரண்டு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் நன்றாகவே தெரியும். பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி முட்டியைப் பாதி மடக்கி நிற்கும் அரைமண்டியில் உட்கார்ந்து, தட்டடவு மூன்றாம் காலத்துக்கு, அதாவது மிக வேகமான நடைக்குப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் முடிக்க வேண்டியிருக்கும்.

இளம் வயதில் முட்டி வலி என்றால் நம் ஆட்களுக்கு அது நோயாகவே தெரியாது, குணக்கேடாகத்தான் தெரியும். "பால் குடிப்பதில்லை, அதுதான்" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. அம்மா கோடாலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது சிங்கப்பூரிலேயே பிறந்த தைலம். இங்கே தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் அதுதான் முதல் மருந்து. பாட்டி நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டார். அப்போதுதான் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில் சேர்ந்திருந்த தம்பி, "அக்கா, எங்கள் முகாமில் பாதிப் பேருக்கு இந்த வலி இருக்கிறது, ஐஸ் வை" என்று தன் பங்குக்கு ஒன்று சொன்னான். பாதிப் பேர் என்பது அவன் வழக்கமான மிகைப்படுத்தல். ஆனால் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் திடீரென்று தயாராகும் இளைஞர்களுக்கும் எனக்கும் வந்திருப்பது ஒரே வகை வலிதான் என்று பிறகு தெரிந்தது.

அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் அதிகம் பேசவில்லை. மூட்டு சிக்கிக்கொள்கிறதா, கால் திடீரென்று மடங்கி விழப்பார்க்கிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். பிறகு ஒற்றைக் காலில் நின்று மெல்லக் குந்தச் சொன்னார். இடது காலில் சரியாகச் செய்தேன். வலது காலில் குந்தியபோது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்தது. எனக்கே கண்ணில் பட்டது. "எலும்பு தேய்ந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். முட்டிச் சில்லுக்கும் அதன் பின்னாலிருக்கும் தொடை எலும்புக்கும் இடையில் அழுத்தம் கூடியதால் வரும் வலி" என்றார். மருத்துவர்கள் இதைப் பட்டெல்லோஃபெமரல் வலி என்கிறார்கள்; ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவதால் ஓட்டக்காரர் முட்டி என்ற பட்டப்பெயரும் உண்டு. எக்ஸ்ரே உடனே தேவையில்லை என்று சொல்லிப் பிசியோதெரபிக்கு எழுதிக்கொடுத்தார்.

சமதரையில் வலிக்காமல் படியில் மட்டும் ஏன் வலிக்கிறது என்பதற்கு ஒரு பழைய அளவீடு நல்ல விளக்கம் தருகிறது. 1972-இல் வெளியான அந்த ஆய்வின்படி, நடக்கும்போது சில்லின் பின்புறம் விழும் விசை உடல் எடையில் ஏறத்தாழ பாதி. படியில் அது 3.3 மடங்கு. முழுதாகக் குந்தும்போது 7 மடங்குக்கும் மேல். அரைமண்டியில் கால் மணி நேரம் நிற்பதும், இடையில் முழுதாகக் குந்தும் முழுமண்டிக்குப் போய் எழுவதும் என்ன செய்யும் என்று சொல்லவே வேண்டாம்.

பிசியோதெரபிக்கு நாள் கிடைக்கச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள். தைப்பூசமோ நெருங்கிக்கொண்டிருந்தது, பால்குடம் எடுப்பதாக அம்மா எனக்காக வேண்டிக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில்தான் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி, தன் அத்தை போகும் சீன மருத்துவரிடம் லேசரில் அக்குபஞ்சர் செய்கிறார்கள் என்றாள். எனக்கு ஊசி என்றால் ஆகாது. ரத்தப் பரிசோதனைக்கே முகத்தைத் திருப்பிக்கொள்பவள் நான். ஊசி இல்லாத அக்குபஞ்சர் என்றதும் ஆசை வந்துவிட்டது.

சிங்கப்பூரில் சீனப் பாரம்பரிய மருத்துவம் ஏனோதானோ என்று நடக்கும் தொழில் இல்லை. 2000-ஆம் ஆண்டில் இதற்கென்றே சட்டம் வந்தது. அக்குபஞ்சர் செய்பவர் சீன மருத்துவர் வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழில் செய்வதற்கான சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள்; வாரியத்தின் இணையப் பதிவேட்டிலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். நம்மில் பலர் இதைப் பார்ப்பதே இல்லை. மசாஜ் கடையில் "முட்டி வலி லேசர்" என்று பலகை தொங்கினால் அதுவும் இதுவும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறோம். ஒன்றில்லை.

நான் முதலில் நுழைந்தது ஒரு வணிக வளாகத்துக் கடை. பெயர் வேண்டாம். முட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வரவேற்பு மேசையிலேயே பத்து முறைக்கான முன்பணத் திட்டத்தை நீட்டினார்கள். இன்று சேர்ந்தால் இரண்டு முறை இலவசமாம். என்ன வலி என்று தெரிவதற்கு முன்பே எத்தனை முறை தேவை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தோழி சொன்ன இடம் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் ரொட்டிக்கடை, மறுபக்கம் முடிதிருத்தகம். உள்ளே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர இழுப்பறைகள், காய்ந்த வேர்களின் வாசனை. மருத்துவர் ஐம்பது வயதைத் தாண்டிய அம்மையார். நாக்கைப் பார்த்தார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நான் நடனம் ஆடுபவள் என்றதும், எழுந்து நின்று காட்டச் சொன்னார். அலுவலக உடையோடு அரைமண்டி போட்டுக் காட்டினேன். குனிந்து என் பாதங்களையும் முட்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தவர், "கால் ஒரு பக்கம் பார்க்கிறது, முட்டி ஒரு பக்கம் பார்க்கிறது" என்று மட்டும் சொன்னார். அந்த வாக்கியத்தின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை.

படுக்கச் சொல்லி, முட்டிக்கடியில் ஒரு சுருட்டிய துண்டை வைத்தார். எனக்கு ஒரு கண்ணாடி, தனக்கு ஒன்று. பச்சை நிறத்தில், பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி. இதை விட்டுவிட்டு வேலை செய்யும் இடத்தில் படுக்காதீர்கள். இதற்குப் பயன்படுத்தும் லேசர், லேசர்களின் பாதுகாப்பு வகைப்பாட்டில் பெரும்பாலும் 3பி வகையைச் சேர்ந்தது. தோலுக்குத் தீங்கில்லாத கதிர் நேராகக் கண்ணில் பட்டால் விழித்திரையைக் கெடுத்துவிடும். அகச்சிவப்புக் கதிர் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கூச்சமெடுத்து இமை மூடிக்கொள்ளவும் செய்யாது.

கருவி ஒரு தடித்த பேனாவைப் போலத்தான் இருந்தது. அதன் முனையைத் தோலில் செங்குத்தாக வைத்து லேசாக அழுத்தினார். முதலில் முட்டிச் சில்லுக்குக் கீழே இருபுறமும் இருக்கும் பள்ளங்கள். அடுத்து, வெளிப்பள்ளத்திலிருந்து நான்கு விரல் அகலம் இறங்கி, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி ஒரு புள்ளி. அக்குபஞ்சர் படங்களில் எஸ்டி 36 என்று குறிப்பிடுவது இது. பிறகு உள்பக்கம் முன்கால் எலும்பின் மேல்முனைக்குக் கீழே விரல் தானாகப் போய் நிற்கும் குழி, வெளிப்பக்கம் சின்னக் குமிழ் எலும்புக்கு முன்னால் ஒன்று, தொடையின் உள்பக்கத் தசை புடைத்திருக்கும் இடத்தில் ஒன்று. ஒவ்வொன்றிலும் நாற்பது விநாடி. முடிந்ததும் கருவி ஒரு முறை கூவும். அவ்வளவுதான். சூடு இல்லை, குத்தல் இல்லை, அதிர்வு இல்லை. கருவி ஓடுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. வழிகாட்டும் சிவப்புப் புள்ளி தோலில் விழுந்ததால்தான் நம்பினேன்.

ஒளி எப்படி வலியைக் குறைக்கும் என்று கேட்டேன். அவர் சீன மருத்துவ வழியில் சக்தி ஓட்டம் என்றார். அறிவியல் பக்கம் சொல்வது வேறு. 1960-இல் முதல் லேசர் கருவி உருவானது. 1967-இல் ஹங்கேரி மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர் மழித்த எலிகள் மீது குறைந்த சக்தி லேசரைப் பாய்ச்சியபோது, அந்த இடத்தில் முடி வேகமாக வளர்ந்ததைக் கண்டார். அங்கிருந்து பிறந்ததுதான் இந்தக் குறைந்த சக்தி லேசர் மருத்துவம். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவில் ஒரு நொதி இந்தச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் செல்லின் ஆற்றல் உற்பத்தி கூடி அழற்சி தணிகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். லேசர் அக்குபஞ்சர் என்பது அதே ஒளியை ஊசி போடும் புள்ளிகளில் பாய்ச்சுவது.

இதில் நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. கணக்கு வேலை பார்ப்பவள் என்பதால் எனக்கு இது பிடித்துப்போனது. கருவியின் திறன் மில்லிவாட்டில் இருக்கும். அதை வாட்டாக்கி விநாடியால் பெருக்கினால் ஜூல். 100 மில்லிவாட் கருவியை ஒரு புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். 10 மில்லிவாட் கருவியை அதே 40 விநாடி வைத்தால் 0.4 ஜூல்தான். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே பேனா, ஒரே சிவப்புப் புள்ளி, ஒரே கட்டணம். மருந்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு முழு விலை வாங்கினால் சண்டை போடுவோம். இங்கே கேட்கக்கூடத் தெரியாமல் எழுந்து வருகிறோம். அந்த அம்மையார் கேட்டவுடன் கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்: ஒளியின் அலைநீளம் 810 நானோமீட்டர், திறன் 100 மில்லிவாட். இந்த இரண்டு எண்களையும் சொல்லத் தயங்கும் இடம் எனக்குச் சரிப்படாது.

நம் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு. கருமையான தோலில் உள்ள மெலனின் ஒளியை உறிஞ்சும். சிவப்பு ஒளியை அதிகமாகவும், 800 நானோமீட்டரைத் தாண்டிய அகச்சிவப்பைக் குறைவாகவும். ஆகவே ஆழத்துக்குப் போக வேண்டிய கதிர் நம்மைப் போன்றவர்களுக்கு அகச்சிவப்பாக இருப்பதே நல்லது. 500 மில்லிவாட்டைத் தாண்டிய நான்காம் வகைக் கருவிகளில் தோல் சுடவே செய்யலாம்; சுட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், சிகிச்சை என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. பச்சை குத்திய இடத்தின் மீது வைக்க விடாதீர்கள். வெயில் பட்டால் தோல் பொரியும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் அந்த வகைதான்.

இனி பலன். முதல் நாள் மாலை வீட்டுக்குப் போகும்போது படியில் வலி குறைந்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. இரண்டு மூன்று நாளில் வலி பழையபடி திரும்பியது. மறுபடி போனேன், மறுபடி குறைந்தது, மறுபடி திரும்பியது. சில வாரங்கள் இப்படியே ஓடின. மொத்தத்தில் வலி சற்று இறங்கியிருந்தது உண்மை. ஆனால் அதே வாரங்களில் டீச்சர் என்னை ஒத்திகையில் உட்காரவைத்துவிட்டார், நானும் மின்தூக்கியிலேயே ஏறி இறங்கினேன், வாரம் ஒரு முறை அரை மணி நேரம் குளிர்ந்த அறையில் ஒருவர் அக்கறையாகக் கவனிக்கக் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இதில் எது என் முட்டியைக் குணப்படுத்தியது என்று யார் பிரித்துச் சொல்வது?

பிரித்துச் சொல்லத்தான் ஆய்வுகள் இருக்கின்றன. தேடிப் படித்தபோது மெல்பர்னில் நடந்த ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. 2014-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. 50 வயதைத் தாண்டிய, நாள்பட்ட முட்டி வலி உள்ள 282 பேர். சிலருக்கு ஊசி, சிலருக்கு லேசர், சிலருக்குப் போலி லேசர், சிலருக்கு ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்திருந்த அதே குணம்தான் ஆய்வாளர்களுக்கும் வசதியாகப் போயிற்று: லேசர் பட்டால் ஒன்றும் தெரியாது. எனவே கருவி ஒளியை விடுகிறதா இல்லையா என்பது படுத்திருப்பவருக்கும் தெரியாது, பிடித்திருக்கும் அக்குபஞ்சர் மருத்துவருக்கும் தெரியாது. 12 வாரம் கழித்துப் பார்த்தால், ஊசியும் லேசரும் ஒன்றும் செய்யாதவர்களைவிடக் கொஞ்சம் நிவாரணம் கொடுத்திருந்தன. ஆனால் போலி லேசரைவிட இரண்டும் மேலாக இல்லை.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அந்த ஆய்வில் கொடுத்த ஒளியின் அளவு போதாது என்று லேசர் சிகிச்சைத் தரப்பினர் சொன்னார்கள். 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு அவர்கள் பக்கம் கொஞ்சம் பேசுகிறது: 22 ஆய்வுகள், 1,063 நோயாளிகள். போதிய அளவு கொடுத்தால், அதாவது 785 முதல் 860 நானோமீட்டர் கதிரில் ஒவ்வோர் இடத்துக்கும் 4 முதல் 8 ஜூல் வரை, அல்லது 904 நானோமீட்டரில் 1 முதல் 3 ஜூல் வரை கொடுத்தால், மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு வலி குறைகிறது என்பது அதன் முடிவு. கவனியுங்கள், மூட்டுத் தேய்மானம். அது பெரும்பாலும் என் பாட்டி வயதுக்காரர்களின் நோய்.

என் வலிக்கான வழிகாட்டி நெறிமுறை வேறு. அமெரிக்கப் பிசியோதெரபி சங்கத்தின் சார்பில் 2019-இல் வெளியான அதில், சில்லு வலிக்கு லேசர், அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றே எழுதியிருக்கிறார்கள். அக்குபஞ்சரை வலி குறைக்கப் பயன்படுத்தலாம், ஆனால் போலிச் சிகிச்சையைவிட அது மேலானதா என்று தெரியாததால் எச்சரிக்கை தேவை என்கிறார்கள். முதலிடம் எதற்கு என்றால் உடற்பயிற்சிக்கு: இடுப்புத் தசைக்கும் தொடைத் தசைக்கும் சேர்த்து.

இதைப் படித்த அன்று எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். இருந்தாலும் நான் லேசரை அந்த வாரமே நிறுத்திவிடவில்லை. காரணம், பிசியோதெரபி அப்போதுதான் தொடங்கியிருந்தது. வலி தணிந்திருக்கும் அந்த இரண்டு நாளில் பயிற்சியைச் செய்வது எளிதாக இருந்தது. பொய்யோ மெய்யோ, அந்த நிவாரணத்தை நான் உடற்பயிற்சிக்குச் செலவழித்தேன். லேசருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் அவ்வளவுதான். வலி குறைந்தது என்று நேராக ஒத்திகைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த மதிப்பெண்ணும் கிடையாது.

பிசியோதெரபிஸ்ட் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, முன்காலை உள்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். தொடை இடுப்புக்குள் எவ்வளவு வெளிப்பக்கம் சுழல்கிறது என்பதற்கான அளவு அது. வலது பக்கத்தில் அது குறைவு. ஆனால் அரைமண்டியில் என் இரண்டு பாதமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விரிந்து நிற்கும். சின்ன வயதில் அதற்காகவே பாராட்டு வாங்கியவள் நான். இடுப்பு கொடுக்காத கோணத்தைப் பாதம் காட்டினால் மிச்சத்தை யார் ஈடுகட்டுவது? முட்டியும் கணுக்காலும். சீன மருத்துவ அம்மையார் சொன்ன "கால் ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம்" என்பது இதுதான். இரண்டு மருத்துவ முறைகளும் வேறு வேறு மொழியில் ஒரே இடத்தைச் சுட்டிக்காட்டிவிட்டன. வித்தியாசம் என்னவென்றால், ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒளியைப் பாய்ச்சினார், மற்றவர் அதைத் திருத்தக் கற்றுக்கொடுத்தார்.

நடனம் ஆடுகிறவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பாதங்களைச் சேர்த்து நேராக நில்லுங்கள். குதிகாலை அழுத்தாமல், இடுப்பிலிருந்து மட்டும் தொடைகளை வெளிப்பக்கம் திருப்புங்கள். பாதம் தானாக எங்கே போய் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு இயற்கை கொடுத்த கோணம். அங்கிருந்து மண்டியிட்டால் சில்லு இரண்டாவது விரலுக்கு நேராக வர வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் பாதம் ஒரு கையளவு குறைவாகத்தான் விரிந்திருக்கும், அரைமண்டியும் கொஞ்சம் உயரமாகத் தெரியும். எங்கள் டீச்சர் முதலில் முகம் சுளித்தார். "இப்படி நின்றால் அழகு போய்விடுமே அம்மா" என்றார். பிசியோதெரபிஸ்ட் சொன்னதை விளக்கியதும், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "சரி, உன் வரிசையைப் பின்னால் போடுகிறேன், இப்படியே ஆடு" என்றார். அவரிடம் கற்றுக்கொண்டிருக்கும் இத்தனை காலத்தில் அரைமண்டி விஷயத்தில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

பயிற்சிகளில் விசேஷம் ஒன்றுமில்லை, எங்கும் கிடைக்கும். ஒருக்களித்துப் படுத்து முட்டிகளை மடக்கி மேல் முட்டியை மட்டும் திறப்பது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில்லாமல் அமர்வது, படிக்கட்டின் கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று மறுகாலை மெல்லத் தரைக்கு இறக்குவது. கடைசியாகச் சொன்னது கசப்பு மருந்து. எங்கள் புளோக்கின் படிக்கட்டில் இரவு எட்டரை மணிக்குக் கைப்பிடியைத் தொடாமல் இதைச் செய்துகொண்டிருந்தபோது, குப்பை போட வந்த ஒரு மாமா, மின்தூக்கி கெட்டுவிட்டதா என்று கேட்டார். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்தால் தொடரலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும், இறங்காவிட்டால் அடுத்த முறை குறைத்துச் செய்ய வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட விதி. சுத்தமாக வலியே இல்லாமல்தான் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே முடியாது. சில வாரங்களில் பெரிய மாற்றம் தெரியாது. இரண்டு மூன்று மாதத்தில் தெரியும். பத்து முறை லேசர் என்றால் உடனே தலையாட்டுகிற நாம், மூன்று மாதப் பயிற்சி என்றால் ஏனோ பெருமூச்சு விடுகிறோம்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தேன். ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. முட்டி சத்தமே போடவில்லை, வலித்ததெல்லாம் பாதம்தான். அம்மா முருகனுக்கு நன்றி சொன்னார். சமதரை நடை எனக்கு முதலிலிருந்தே வலித்ததில்லை என்பதை நான் நினைவூட்டவில்லை.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சீன மருத்துவத்துக்கு வெளிநோயாளியாகப் போனால் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தை எடுக்க முடியாது, கைக்காசுதான். சில நிறுவனங்களின் ஊழியர் காப்புறுதியில் சீன மருத்துவத்துக்கு ஒரு தொகை இருக்கும். அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ரசீதில் பதிவு பெற்ற மருத்துவரின் பெயர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பலதுறை மருந்தகம் வழியாகப் போகும் பிசியோதெரபிக்குக் காத்திருக்க வேண்டும் என்றாலும் கட்டணச் சலுகை உண்டு. முன்பணத் திட்டத்தில் சேராமல் ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். நாலைந்து முறைக்குப் பிறகும் படியிறங்கும் வலியில் மாற்றமில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

இப்போது நான் லேசருக்குப் போவதில்லை. படியில் வலி இல்லை. அரைமண்டியில் மூன்றாம் காலம் ஆடுகிறேன். முழுமண்டியிலிருந்து எழும்போது சில நாள் நெருடுகிறது. முட்டியைத் தரையில் தட்டிக் குதிக்கும் மண்டி அடவைச் சமூக மன்றத்துப் பளிங்குத் தரையில் ஆடுவதில்லை. அடியில் காற்றிடைவெளி விட்டு மரப்பலகை போட்ட அரங்கு கிடைத்தால் மட்டும்தான்.

சென்ற மாதம் ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் தாயார் அந்த லேசர் மருத்துவரின் முகவரியைக் கேட்டார். பிள்ளைக்கு 12 வயது. முகவரியைத் தருகிறேன், ஆனால் முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள் என்றேன். அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். வளரும் பிள்ளைகளின் முட்டி வலி பெரியவர்களுடையதைப் போன்றதல்ல. முட்டிக்குக் கீழே முன்கால் எலும்பில் தசைநாண் ஒட்டும் இடம் வளர்ச்சிக் காலத்தில் வலித்துப் புடைக்கலாம். அரிதாக, இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை வளர்ச்சித் தட்டில் நழுவியிருப்பதுகூட முட்டி வலியாக முதலில் தெரியலாம்; அப்படியென்றால் முட்டியில் எத்தனை ஜூல் ஒளி பாய்ச்சினாலும் பயனில்லை, தாமதத்தால் இடுப்பு கெட்டுவிடும். பிள்ளை நொண்டினாலோ, இடுப்பை உள்பக்கம் திருப்ப முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்தப் பிள்ளைக்கு நல்லவேளையாக முதல் வகைதான். குதிக்கும் அடவுகளைச் சில மாதங்களுக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்றவர்கள் தட்டடவு போடும் நேரத்தில் அவள் ஓரமாக உட்கார்ந்து தட்டுக்கழி பிடித்துத் தாளம் போடுகிறாள். ஒரு பிள்ளை கால் தப்பினால் நான் கவனிப்பதற்கு முன்பே அவள் பெயர் சொல்லி அதட்டிவிடுகிறாள்.